பெங்களூரில் மங்குஸ்தான்: அமுக்கிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்

மங்குஸ்தான் வாங்கும்போது தராசில் ஏறுவது பெரும்பாலும் தோல்தான். ஒரு கிலோ பழத்தில் வாய்க்குள் போகும் சுளை கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் தேறும். பழம் ஒன்று 80 முதல் 100 கிராம் என்றால் கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு நிற்கும். கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 கிராம் சுளை கிடைத்தால் சுளையின் விலை கிலோ 1,300 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. பன்னிரண்டில் இரண்டு பழம் கல்லாகிப் போனால் 1,600. கடைக்காரரிடம் மல்லுக்கட்டி 50 ரூபாய் குறைத்தால் மிச்சமாவதைவிட, அந்த இரண்டு கெட்ட பழமும் தராசில் ஏறாமல் பார்த்துக்கொண்டால் மிச்சமாவது அதிகம்.

அதனால் பெங்களூரில் இந்தப் பழம் கிடைக்கும் வழிகளை இங்கே ஒரே ஒரு கேள்வியை வைத்து எடை போட்டிருக்கிறோம்: பழத்தைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்க்க முடியுமா? விலை, அட்டைப்பெட்டி, 'பழங்களின் ராணி' என்ற பட்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான். (விக்டோரியா ராணி இந்தப் பழத்துக்குப் பரிசு அறிவித்தார் என்று கடைப் பலகைகளில் எழுதியிருப்பார்கள். அந்தக் கதைக்கு ஆதாரம் கிடையாது.)

அமுக்குவது என்றால் எப்படி என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நல்ல மங்குஸ்தானின் தோல் அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கும். ஆனாலும் பழத்தின் இடுப்பில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினால் லேசாக உள்வாங்கும். நகம் படக் கூடாது, நசுக்கவும் கூடாது. ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டுப் பையில் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பழத்தை உருட்டி நாலு பக்கமும் அழுத்த வேண்டும், ஏனென்றால் அடிபட்டுக் கல்லாகும் பழம் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் கல்லாகும். மீதிப் பக்கம் பூப்போல இருக்கும், ஏமாந்துவிடுவோம்.

ஏன் கல்லாகிறது? பழம் எதிலாவது மோதினால் அந்த இடத்துத் தோலின் செல்கள் உடைந்து, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு, அங்கே லிக்னின் உருவாகிறது. மரக்கட்டையைக் கட்டையாக வைத்திருக்கும் அதே பொருள்தான் லிக்னின். ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தாலே போதும், ஒரு நாளுக்குள் அந்த இடம் மரக்கட்டையாகிவிடும். வாழையைப் போலவோ மாம்பழத்தைப் போலவோ அடிபட்ட இடம் கொழகொழத்துக் காட்டிக்கொடுக்காது, இறுகிப்போகும். விஷயம் தெரியாதவர்கள் 'கெட்டியாக இருக்கிறது, புதுப்பழம்' என்று நினைத்து அதையே தேடி எடுப்பார்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. காலையில் பெட்டியைக் கவிழ்த்துத் தள்ளுவண்டியில் கொட்டியபோது வாங்கிய அடி, அப்போதே கைக்குத் தட்டுப்படாது. மாலையிலோ மறுநாளோதான் தெரியும். ஆக, அன்று காலை வந்திறங்கிய சரக்கைவிட, வந்து ஒரு நாள் கூடையில் இருந்த சரக்கில் நல்லது கெட்டதைப் பிரிப்பது சுலபம். மற்றப் பழங்களுக்குச் சொல்லும் அறிவுரைக்கு இது நேர் எதிர், மங்குஸ்தானுக்கு மட்டும் பொருந்தும்.

கல்லாவதற்கு அடி மட்டும் காரணமில்லை. பழையது காய்ந்தும் கல்லாகும்: அப்போது பழம் முழுக்க ஒரே சீராக இறுகி, பளபளப்புப் போய், எடை குறைந்து கையில் தக்கை மாதிரி இருக்கும். மூன்றாவது வகை குளிரில் கெட்டது. மங்குஸ்தான் வெப்பமண்டல மழைக்காட்டு மரம்; மலாய்த் தீவுகளின் பக்கத்துச் சரக்கு. அதன் பழத்துக்கு 13 டிகிரி செல்சியஸ் அளவுக் குளிர் ஒத்துக்கொள்ளும், இரண்டு வாரத்துக்கு மேலும் தாங்கும். 10 டிகிரிக்குக் கீழே பல நாள் வைத்தால் பெட்டியில் இருக்கும்வரை அழகாக இருந்துவிட்டு, வெளியே எடுத்த பிறகு தோல் கறுத்து இறுகும். சூப்பர் மார்க்கெட் பழத்தைப் பற்றிப் பேசும்போது இது முக்கியம்.

இனி நிறம். பச்சைக் காயில் சிவப்புப் புள்ளி விழுந்த பிறகு பறித்தால், மரத்தை விட்டு வந்த பிறகும் ஐந்தாறு நாளில் இளஞ்சிவப்பு, செம்பழுப்பு, கடைசியில் கத்தரிக்காய் நிறம் என்று மாறிப் பழுத்துவிடும், சுவையும் குறையாது. புள்ளி விழுமுன் அவசரப்பட்டுப் பறித்ததை எத்தனை நாள் வைத்திருந்தாலும் முழுச் சுவை வராது. இன்றைக்கே சாப்பிடக் கத்தரிக்காய் நிறத்தையும், இரண்டு நாள் கழித்துச் சாப்பிடச் செம்பழுப்பையும் கலந்து எடுப்பது நல்ல கணக்கு. மேலே தொப்பி மாதிரி நாலு கெட்டி இதழ் இருக்கும். அது பச்சையாக, விறைப்பாக இருந்தால் பறித்து அதிக நாள் ஆகவில்லை. பழுப்பேறிச் சுருண்டிருந்தால் விட்டுவிடுங்கள். தோலில் மஞ்சளாகப் பிசின் காய்ந்து ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, சுரண்டினால் வந்துவிடும். தொப்பிக்கு அடியில் எறும்பு குடியிருப்பது சகஜம். உப்புத் தண்ணீரில் சிறிது நேரம் போட்டெடுத்தால் காலி செய்துவிடும்.

பழத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் பூ போல ஒரு முத்திரை தெரியும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. நாலிலிருந்து எட்டு வரை இருக்கும். இது குழந்தைகளுக்கு விளையாட்டு, வாங்குகிறவருக்கு லாபம். ஒரே அளவுள்ள இரண்டு பழத்தில் இதழ் அதிகமுள்ளதில் சுளைகள் சிறிதாகவும் கொட்டை குறைவாகவும் இருக்கும். நாலு இதழ்ப் பழத்தில் ஒரு சுளை மட்டும் கொழுத்து, அதற்குள் பெரிய கொட்டை உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம். பெரிய பழமாகப் பார்த்து எடுக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடலாம். நடுத்தர அளவு, ஆறு ஏழு இதழ் என்பதே எங்கள் தேர்வு.

விரலுக்குத் தெரியாத குறைகளும் இரண்டு உண்டு, இரண்டுக்கும் மழையோடு தொடர்பு. வறண்டு கிடந்த மரத்துக்குத் திடீரென்று பெருமழை பெய்தால் காய்க்குள் நீர் அழுத்தம் ஏறி, பிசின் ஓடும் குழாய்கள் வெடித்து, மஞ்சள் பிசின் சுளையின் மேல் வழிந்துவிடும். தோட்டத்தில் சுண்ணாம்புச்சத்துக் குறைவாக இருந்தால் இது இன்னும் அதிகம். அந்தச் சுளை கசக்கும். மஞ்சள் பட்ட இடத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். இரண்டாவது குறை, பஞ்சு வெள்ளையாக இருக்க வேண்டிய சுளை நுங்கு போலக் கண்ணாடியாகி நறுக்கென்றிருப்பது. கெடுதல் இல்லை, ஆனால் மங்குஸ்தானின் கரையும் தன்மை போய்விடும். இப்படிப்பட்ட பழம் எடை கூடியது. வாளித் தண்ணீரில் போட்டால் நல்ல பழம் பெரும்பாலும் மிதக்கும், கண்ணாடிச் சுளைப் பழம் பெரும்பாலும் மூழ்கும். கடையில் யாரும் வாளி வைத்திருக்கப் போவதில்லை. அங்கே செய்யக்கூடியது ஒன்றுதான்: குவியலிலிருந்து ஒரு பழத்தை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரே தோட்டத்துச் சரக்கு என்றால் மழையின் குறை பல பழங்களில் இருக்கும், ஒரு பழமே ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும்.

இத்தனையையும் செய்ய விடும் இடம் சந்தைதான். சிவாஜி நகரில் 1927இல் கட்டிய ரஸ்ஸல் மார்க்கெட்டிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் பருவத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் அடுத்தடுத்த கூடையில் இருக்கும். அங்கே தமிழ் பேசினாலே காரியம் நடக்கும். மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ், காந்தி பஜார் பக்கம் போனால் "ஒத்தி நோட்லா?" (அமுக்கிப் பார்க்கலாமா?) என்று கன்னடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அமுக்குவது மரியாதை. கேட்காமல் கை வைத்தால் எந்த வியாபாரிக்கும் கோபம் வரும், அதில் நியாயமும் உண்டு. பத்துப் பேர் அழுத்திய பழம் அடுத்த நாள் யாருக்கும் ஆகாது. கேரளத்துப் பேருந்துகள் வந்து நிற்கும் மடிவாளாவில் மலையாளிகளின் கடைகளையும் பருவத்தில் ஒரு சுற்றுப் பார்க்கலாம். சிங்கேன அக்ரஹாரத்து மொத்தச் சந்தை பெட்டி பெட்டியாக எடுப்பவருக்கு. அபார்ட்மென்ட்டில் நாலு வீடு சேர்ந்தால் மட்டும் யோசியுங்கள். பெட்டியின் மேலடுக்கைப் பார்த்து விலை பேசாமல் அடியடுக்கிலிருந்து இரண்டு பழத்தை எடுக்கச் சொல்லிப் பாருங்கள், மேலே இருந்தவற்றின் பாரம் முழுவதையும் தாங்கி வந்தவை அவைதான். சந்தைக்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண். இரண்டைக் குறைத்ததற்குக் காரணம், தராசுத் தட்டில் பழத்தை எறியும் பழக்கம். "மெதுவா வைங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பருவம் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. கேரளத்தில் சாலக்குடிப் பக்கத்துப் பரியாரம் இந்தப் பழத்துக்குப் பேர்போன ஊர். கேரளச் சமவெளிச் சரக்கு மே மாதத்திலிருந்து வரத் தொடங்கி ஜூலை வாக்கில் குறையும். நீலகிரி அடிவாரத்துச் சரக்குக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை முக்கியப் பருவம், ஏப்ரல் முதல் ஜூன் வரை சிறு பருவம். குன்னூர் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பர்லியார், கல்லாறு இரண்டும் பழைய அரசுப் பழப்பண்ணைகள் உள்ள ஊர்கள். கல்லாறு பண்ணை 1900இல் தொடங்கியது. ஊட்டிக்கு மைசூரு, கூடலூர் வழியாகப் போகிறவர்கள் கண்ணில் இவை படாது. திரும்பும்போது மேட்டுப்பாளையம், சேலம் வழியாக இறங்கினால் பர்லியார்ச் சாலையோரக் கடைகளில் வாங்கலாம். ஆனால் காரின் டிக்கியில் பையோடு உருளவிட்டு ஏழெட்டு மணி நேரம் கொண்டுவந்தால், பெங்களூரில் இறக்கி வைப்பது கோலிக்குண்டு மூட்டைதான். அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் கசக்கிப் போட்டு, ஒரே அடுக்காக, தொப்பி மேலே பார்க்க வையுங்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய தட்டில் நாலைந்து பழமாக இருப்பது பெரும்பாலும் தாய்லாந்துச் சரக்கு. அளவு பிரித்திருப்பார்கள், தொப்பி முழுசாக இருக்கும், எறும்பு இருக்காது. பார்வைக்கு இதுவே அழகு. விலையும் அதற்கேற்ப. சிக்கல் இரண்டு. தாள் சுற்றியிருப்பதால் பழத்தை உருட்டி நாலு பக்கமும் பார்க்க வழியில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் கடையின் குளிர் அலமாரி. ஆப்பிளுக்கும் திராட்சைக்கும் ஏற்ற குளிரில் மங்குஸ்தானையும் அடுக்கிவிடுகிறார்கள். விமானத்தில் வந்த நல்ல பழம் நம் ஊர் அலமாரியில் கெடுகிறது. வாங்குவதானால் குளிர் அலமாரிக்கு வெளியே வைத்திருக்கும் தட்டைத் தேடுங்கள், பேக்கிங் தேதியையும் இறக்குமதியாளர் விவரத்தையும் பாருங்கள், தாளுக்கு மேலாகவே ஒவ்வொரு பழத்தின் இடுப்பையும் தொட்டுப் பாருங்கள். நம் ஊர்ப் பருவம் முடிந்த மாதங்களில் வேறு வழியில்லை என்றால் இது. பருவத்தில் இதற்குப் பணம் தருவது வீண். பத்துக்கு ஐந்து.

பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் செயலிகளுக்கு நாலுக்கு மேல் தர மனமில்லை. பழத்தைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் இல்லை, கிடங்கில் இருப்பவர். அவருக்கு நேரமும் இல்லை. வெங்காயம், உருளைக்கிழங்கோடு ஒரே பையில் வண்டியில் குலுங்கி வரும் பழம் வாசலில் கொடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். வழியில் வாங்கிய அடி மறுநாள்தான் கல்லாகும். அதற்குள் புகார் சொல்லும் நேரம் முடிந்திருக்கும். கட்டாயம் செயலியில்தான் என்றால், வந்த உடனே எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்து, ஏற்கெனவே கல்லாகியிருப்பதை அப்போதே படம் எடுத்துப் புகார் போடுங்கள். மீதியை அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள். கல்லாகத் தொடங்கும் தோலை அன்றைக்கு என்றால் கத்தியால் திறக்கலாம், நாளைக்கு அரிவாள்மனை வேண்டும்.

வீட்டில் வைத்துக்கொள்ள பெங்களூர்த் தட்பவெப்பம் உதவிதான். ஜூன், ஜூலையின் மழைக் குளிரில் சமையலறை மேடையிலேயே காகிதப் பையில் நாலைந்து நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் ஃபிரிட்ஜின் மேல்தட்டில் வைக்காமல் காய்கறித் தட்டில், ஈரம் போகாதபடி துணியில் சுற்றி வையுங்கள். ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். திறந்த பிறகு சுளை மஞ்சளாகிக் கள் வாசனை அடித்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

திறப்பதற்கு, நல்ல பழமென்றால் கத்தியே வேண்டாம். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து விரல்களைக் கோத்து அழுத்தினால் இடுப்பில் விரிசல் விடும். கத்தி எடுத்தால் இடுப்பைச் சுற்றி அரை சென்டிமீட்டர் ஆழம் மட்டும் கோடு போட்டு, இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகுங்கள். நேராகப் பிளந்தால் சுளையும் அறுபடும், தோலின் கசப்புச் சாறும் அதில் இறங்கும். அந்தச் சாறு துணியில் பட்டால் பிறகு போகாது. இந்தப் பழத்தோலே சாயம் போடப் பயன்படுகிற சரக்கு. வெள்ளை வேட்டியோ நல்ல புடவையோ கட்டிக்கொண்டு உட்காராதீர்கள், மேசையில் செய்தித்தாள் விரித்துவிடுங்கள். சுளையைச் சமைக்கவோ காய்ச்சவோ முயல வேண்டாம், அந்த மெல்லிய வாசனை சூட்டில் நிற்காது. பழக்கலவையில் சேர்ப்பதானால் பரிமாறும்போது சேர்க்க வேண்டும்.

இனி பொடி, மாத்திரை, சாறு. இவற்றின் விளம்பரங்களில் வரும் சாந்தோன் என்ற பொருள் தோலில்தான் நிறைய இருக்கிறது, நாம் சாப்பிடும் சுளையில் மிகக் குறைவு. சுளையில் வைட்டமின் சி கூட அதிகம் இல்லை. அதற்கு ஒரு கொய்யாவே மேல். ருசிக்காகச் சாப்பிடும் பழத்தை மருந்தாக்கி விற்கும் எதற்கும் நாங்கள் மதிப்பெண் போடவில்லை. சாறு வாங்குகிறவர்கள் புட்டியின் பின்பக்கத்தைப் படித்தால் போதும்: எது அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் எழுத வேண்டும். அங்கே முதல் பெயர் ஆப்பிளாகவோ திராட்சையாகவோ இருந்தால் வாங்குவது ஆப்பிள் சாறு, திராட்சைச் சாறு.

கடைசியாகச் செடி. லால்பாகில் ஜனவரியிலும் ஆகஸ்ட்டிலும் மலர்க் கண்காட்சி நடக்கும்போது நர்சரிக் கடைகளில் யாராவது ஒருவர் மங்குஸ்தான் கன்று இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். மாடித் தொட்டிக்கு இதை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. குடம்புளிக்கும் கோகமுக்கும் பங்காளியான இந்த மரத்துக்கு ஆண்டு முழுக்க ஈரக்காற்றும் 25 முதல் 35 டிகிரி வெப்பமும் பரவலான மழையும் வேண்டும். பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 20 டிகிரிக்கு நன்றாகவே கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும், மார்ச் வறட்சிக் காற்றில் இலை நுனி கருகும். வேர்த்தூவி குறைவான, ஆணிவேரை நம்பிய மரம்; தொட்டி மாற்றும்போது வேர் உடைந்தால் தேறுவது கஷ்டம். விதைக் கன்று காய்க்க ஏழு முதல் பத்து ஆண்டுகள், ஒட்டுக்கன்று அதற்கு முன்னே காய்க்கும் என்றாலும் மரம் சிறிதாகவே நிற்கும்.

குடகிலோ தென்கன்னடத்திலோ ஊரில் தோட்டம் இருந்தால் பேச்சே வேறு. அங்கே நடுவதற்கு வாங்கும் கன்றுக்கு 'உயர் ரகம்' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் தராதீர்கள். மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை உருவாகும் மரம் என்பதால் கன்று பெரும்பாலும் தாயின் நகலாகவே வரும், மாம்பழம் போல நூறு ரகம் இதில் கிடையாது. பார்க்க வேண்டியது பையின் ஆழம். ஆணிவேர் சுருண்டுவிடாத உயரமான பையா, அடியில் துளைத்து வெளியே வந்த வேரை அறுத்திருக்கிறார்களா, ஒட்டுக்கன்று என்றால் ஒட்டுத் தழும்பு தெரிகிறதா என்று பாருங்கள். சாப்பிட்ட பழத்தின் கொட்டையையே போடலாம் என்றால் அன்றைக்கே போட வேண்டும். கழுவிச் சதையை நீக்கி, ஈரத் தேங்காய் நார்த்தூளில் வையுங்கள். ஜன்னலோரம் காயவைத்த கொட்டை சில நாளிலேயே செத்துவிடும்.